மூன்றாண்டுப் பணமும் முப்பதாண்டுத் தடுப்பு மருந்தும்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கீழே, முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் வட்டாரத்தில், கோடிக்கணக்கான கோழிகள் பண்ணைகளில் வளர்கின்றன. மேலே, மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டு முற்றங்களில், எட்டும் பத்துமாக நாட்டுக் கோழிகள் மேய்கின்றன. இரண்டு இடத்துக் கோழிகளையும் கொல்லக் கூடியது ஒரே நோய்தான். கிராமத்தில் அதற்கு வெள்ளைக்கழிச்சல் என்று பெயர்; நூல்களில் ராணிக்கெட் நோய்.

இதற்குத் தடுப்பு மருந்து இல்லையா? பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. பண்ணைக்காரர் தவறாமல் போடுகிறார். ஆனால் அந்த மருந்து உயிருள்ள, வீரியம் குறைந்த வைரசால் ஆனது. வெயில் பட்டால் வைரஸ் சிதைந்துவிடும். ஆகவே 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். குப்பியோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்கென்று அடைக்கப்பட்டது. கரைத்தபின் சில மணி நேரத்துக்குமேல் தாங்காது. பத்துக் கோழி வைத்திருக்கும் மலைக் குடும்பத்துக்கு இது பொருந்துமா? மருந்து நல்லதுதான், அது யாரை நினைத்துச் செய்யப்பட்டது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் அவருடைய குழுவினரும், வெப்பத்தை ஓரளவு தாங்கும் வைரஸ் வகைகளை ஆராய்ந்தனர். 1980களில் அவற்றைத் தீவனத்தோடு கலந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகள் மலேசியாவில் நடந்தன. பின்னர் உருவான ஐ-2 என்ற வகை, வளரும் நாடுகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், புறக்கடைக் கோழிகள் கொத்தித் தின்னும் குருணை வடிவில் தடுப்பு மருந்தை உருவாக்கியது. இத்தகைய வேலையில் பெரிய இலாபம் இல்லை. பொதுப் பணம் இருந்தால்தான் இது நடக்கும்.

அப்படியானால், இத்தகைய கேள்வியை எடுத்துக்கொள்ளும் இளம் விஞ்ஞானிக்கு நம் நாட்டில் பணம் கிடைக்கிறதா?

கிடைக்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2019இல் தொடங்கிய தொடக்க ஆய்வு மானியம், புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு 2 ஆண்டுகளுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை அளித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், 2024இல் இளம் விஞ்ஞானிகளுக்கென அறிவித்த திட்டத்தில் இது 3 ஆண்டுகளுக்கு 60 இலட்சம் வரை என்று உயர்ந்தது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் தொகை வளர்ந்த அளவுக்குக் காலம் வளரவில்லை.

தடுப்பு மருந்தின் காலக் கணக்கு எப்படிப்பட்டது? 1980களின் நடுவில், டில்லி மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளின் குடலில் ரோட்டா வைரஸ் இருந்தும் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு இல்லை என்பதை டாக்டர் எம். கே. பானும் அவருடைய குழுவினரும் கவனித்தனர். அந்தக் கிருமி வகைக்கு 116இ என்று பெயர். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அது தடுப்பு மருந்தாகுமா என்ற ஐயம் தீர எத்தனை படிகள்! இறுதிக் கட்டச் சோதனையில் டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகள் பங்குகொண்டனர். 2014இல் உரிமம், 2016இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம். ஏறத்தாழ 30 ஆண்டுகள். மூன்றாண்டு மானியம் என்றால் பத்து முறை விண்ணப்பிக்க வேண்டும். ஒருமுறை மறுக்கப்பட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

மூன்றாண்டு என்பதும் முழு மூன்றாண்டு அன்று. நோய்த் தடுப்பியலில் விலங்குச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வேதிப் பொருள்கள் பல வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உதவியாளரைப் பயிற்ற வேண்டும். முதல் ஆண்டு இதிலேயே கரையும். கடைசி ஆண்டு அடுத்த விண்ணப்பம் எழுதுவதில் போகும். நடுவே உள்ள காலத்தில், புத்திசாலி இளைஞர் என்ன செய்வார்? விடை ஏறக்குறையத் தெரிந்த கேள்வியை எடுத்து, கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார். கொல்லிமலைக் கோழி அவர் பட்டியலில் வராது. குற்றம் அவருடையதன்று, அளவுகோலுடையது.

இன்னொரு குறை. புதிய நிறுவனத்துக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது, அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்று கணக்கிடப்பட்டது. தொழில் நிறுவனம் பணம் போட்டால் வருமானம் எதிர்பார்க்கும், அது இயல்பு. ஆனால் ஏழையின் நோய்க்கு அங்கே வக்கீல் யார்? மாறாக, அச்சம் வந்தபோது 2020 நவம்பரில் கோவிட் தடுப்பு மருந்து ஆய்வுக்கென 12 மாதங்களுக்கு 900 கோடி ரூபாய் ஒதுக்க நம்மால் முடிந்தது. வேகமாகச் செலவிடத் தெரிந்த நமக்குப் பொறுமையாகச் செலவிடத் தெரியவில்லை.

மக்கள் வரிப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். எல்லோருக்கும் முப்பதாண்டு கொடுக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் மூன்றாம் ஆண்டில் கடுமையாகப் பரிசீலித்து, தேறியவருக்கு மறு விண்ணப்பமின்றி மேலும் நான்காண்டு தரலாமே. இந்தியாவிலேயே, 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் திட்டம் ஐந்தாண்டு உதவித்தொகைகளை வழங்கிக் காட்டியிருக்கிறது. கட்டுரைகளை எண்ணுவதோடு, எடுத்த கேள்வி யாருக்கு உதவும் என்பதற்கும் மதிப்பெண் போடலாம்.

ஆளைத் தவறாக எடைபோடும் ஆபத்து எங்கும் உண்டு. ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு மானியம் பெற முடியாமல் 1995இல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்ட காத்தலின் கரிக்கோதான் 2023இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தாக்குப்பிடித்தார், தாக்குப்பிடிக்காமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

கொல்லிமலைப் பள்ளியில் இன்று தமிழில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்திக்கு, முற்றத்துக் கோழிகள் ஒரே வாரத்தில் மடிவதைப் பார்த்த அனுபவம் இருக்கலாம். எந்த ஆய்வுக் கூடத்திலும் கிடைக்காத கேள்வி அவளிடம் இருக்கிறது. அவள் விஞ்ஞானியாகும் நாளில், அந்தக் கேள்வியைக் கைவிட்டால்தான் பணம் கிடைக்கும் என்ற நிலை இருக்கக் கூடாது.