பட்டிலே தீட்டிய மலை
(பழஞ்சீன ஓவியங்களைச் செப்பனிடும் முறை பற்றிய ஓர் ஆய்வு)

தெல்தோட்டை மலைச்சரிவிலே விடியற்பொழுதில் நின்று நோக்குவார்க்கு மலை முழுவதும் ஒருங்கே தோன்றுவதில்லை. அடிவாரத்துத் தேயிலை நிரைகள் புலனாகும். நடுவே மூடுபனி வெண்படலமாய்ப் பரந்து கிடக்கும். அதற்கு மேலே, நிலத்தோடு தொடர்பற்றது போல, முகடு மட்டும் நிற்கும். இடையே மறைந்த பகுதியைக் கண் காணாவிடினும் கருத்துக் காண்கின்றது. இவ்வனுபவத்தை ஓவியக்கலையின் உயிர்நிலையாகக் கொண்டவர் பழஞ்சீனர். ‘தேயிலை’ என்னும் சொல்லின் முற்கூறாகிய ‘தே’ சீனத்தினின்று வந்ததே. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்த லூல்கந்துரைக்கு அணித்தாக வாழ்வோர்க்குச் சீனரின் மலையோவியமும் முற்றிலும் அயலானதன்று.

இயற்கைக் காட்சி ஓவியத்தைச் சீனர் ‘மலைநீர்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். சொங் மரபினர் காலத்தில் அது உச்சநிலை எய்தியது. குவோ சீ என்பார் 1072-இல் பட்டின்மேல் தீட்டிய ‘இளவேனில் தொடக்கம்’ இன்றும் தைபே நகரிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திற் காணத்தக்கது. இத்தகைய ஓவியங்களிலே பனியும் நீரும் வானும் பெரும்பாலும் மையின் மிக மெல்லிய பூச்சாலும் மை படாத வெறும் பட்டாலுமே உணர்த்தப்படும். ஆகவே இங்குப் பட்டானது ஓவியத்தைத் தாங்கும் பொருள் மட்டுமன்று; ஓவியத்தின் ஒரு கூறுமாகும். பழுதுற்ற மலையோவியத்தைச் செப்பனிடுதல் அரிதாவதற்குக் காரணம் இதுவே. பாறை வரையப்பட்ட இடத்தில் நேர்ந்த சிதைவை எவரும் அறிவர். வெற்றிடத்தில் நேர்ந்த சிதைவையோ, பயிலாத கண் பனியென்றே கொள்ளும். அல்லது பனியையே அழுக்கெனக் கருதித் துடைத்துவிடும்.

பட்டு உயிர்ப்பொருளினின்று பிறந்தது, ஆதலின் மூப்படைவது. ஒளியால் அது பழுப்பேறும், சுருட்டியும் விரித்தும் வருவதால் குறுக்கே வெடிக்கும், ஈரத்தாற் பூஞ்சணம் பற்றும், பூச்சியால் துளைபடும். இவற்றைத் தீர்க்கும் முறை சீனத்திலே பல நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. முதலில் ஓவியத்தை நீரால் நனைத்து அழுக்கைக் கழுவுவர். பின்னர் அதனைக் குப்புறக் கிடத்தி, முன்னோர் ஒட்டிய பழந்தாள்களை விரல்நுனியாலும் இடுக்கியாலும் சிறிது சிறிதாக உரிப்பர். பட்டோடு நேரே ஒட்டியுள்ள தாளைச் சீனர் ‘உயிர்த்தாள்’ என்பர். அதனை நீக்குங்கால் கை தவறின் ஓவியமே கையோடு வந்துவிடும். அதன்பின் துளைகளை ஒத்த நெசவுடைய பட்டால் அடைத்து, கோதுமை மாப்பசை கொண்டு புதுத்தாள் ஒட்டி, ஒட்டுத்துண்டுகளுக்கு மட்டும் சூழவுள்ள பட்டின் நிறத்தை ஊட்டுவர். பதினேழாம் நூற்றாண்டினரான சோ சியாசோ இத்தொழில் பற்றித் தாம் இயற்றிய நூலிலே, பழுதுற்ற ஓவியத்தை நோயாளிக்கும் செப்பனிடுவோனை மருத்துவனுக்கும் ஒப்பிட்டார். நல்ல மருத்துவன் பிழைக்க வைப்பான். தீயவன் கையிற் சாவு உறுதி.

இவ்வொப்புமையின் ஆழத்தை அண்மைக்கால அறிவியலும் மெய்ப்பித்துள்ளது. புதுப்பட்டால் ஒட்டுப்போட்டால், அதன் வலிமையே பழம்பட்டை இழுத்துக் கிழித்துவிடும். எனவே யப்பானியர் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுப்பட்டின்மீது மின்னணுக் கதிர்களைப் பாய்ச்சி, அதனை வேண்டுமென்றே நலிவித்துப் பயன்படுத்தத் தொடங்கினர். துணைவந்த பொருள் தலைமைப் பொருளினும் வலிதாயிருத்தல் ஆகாது என்பதே இதன் கருத்து.

பட்டுக்குரிய இந்நெறி தூரிகைக்கும் உரியதோ என்பதே அடுத்த வினா. அழிந்துபோன மரத்தையும் பாறையையும் மீண்டும் வரையலாமா? சீனத்திலேயே வல்ல ஓவியர் விடுபட்ட கோடுகளைத் தொடுத்து வரைந்ததுண்டு. முழுமையுற்ற காட்சியே இன்பந் தரும் என்பது அவர் வாதம். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அதற்கு மாறான சான்றொன்று சீன ஓவியத்தின் தலைமணியாகவே விளங்குகின்றது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபான் குவான் பட்டில் எழுதிய ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே வழிச்செல்வோர்’ என்னும் ஓவியம் இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையது. அதன் கீழ்ப்புறத்து இலைச்செறிவினுள்ளே ஓவியர் தம் பெயரைச் சிற்றெழுத்தாகப் பொறித்திருந்தமை 1958-ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எவரேனும் ஒருவர், மங்கிய இலைகளுக்குப் பொலிவூட்ட எண்ணி அவ்விடத்தில் மை தீட்டியிருப்பின், அப்பெயர் என்றென்றைக்கும் மறைந்திருக்கும். நல்லெண்ணத்தோடு செய்த பிழையும் பிழையே.

இது சீனத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. தஞ்சைப் பெரிய கோயிலிலே சோழர்கால ஓவியங்கள் நாயக்கர்கால ஓவியங்களின் கீழே புதையுண்டு கிடந்தன, 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். கண்டி நாட்டிலே தெகல்தொறுவை போன்ற விகாரைகளின் பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் புகழ்பெற்றவை. பழங்கட்டடங்கள் புதுக்குதல் என்ற பெயரால் அழிக்கப்படுவதைக் கண்டு நொந்த ஆனந்த குமாரசுவாமி, 1905-இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908-இல் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். ஈழநாட்டிலே தம் குரலை முதலில் இவ்வாறு எழுப்பிய அப்பேரறிஞரே பிற்காலத்தில் பொஸ்ரன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு, இந்தியக் கலைக்கொள்கையையும் சீனக் கலைக்கொள்கையையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார்.

இங்கே சைவநன்மக்கள் ஒரு தடை எழுப்பலாம். கோயில்களைத் திருப்பணி செய்து குடமுழுக்காட்டுவதும், பின்னமுற்ற திருவுருவை மாற்றுவதும் ஆகமநெறியன்றோ எனின், ஆம், அது நெறியே. கோயிலின் உயிர் வழிபாட்டில் உள்ளது. வழிபாடு தொடருமாயின் கல் மாறினும் கோயில் மாறுவதில்லை. ஓவியத்தின் உயிரோ ஒருவன் ஒருமுறை இழுத்த கோட்டில் உள்ளது. அக்கோடு மாறின் எஞ்சுவது வேறோர் ஓவியம். வழிபாட்டிலுள்ள கோயிற் சுவரின் பழைய ஓவியத்திலோ இவ்விரு நெறிகளும் எதிர்ப்படுகின்றன. அங்கே திருப்பணி செய்வோர் சுவரைக் காக்கலாம்; கூரையின் ஒழுக்கை அடைக்கலாம்; புதிய ஓவியம் வேண்டுமெனின் புதிய சுவரிலே தீட்டுவிக்கலாம். பழைய கோட்டின்மேற் புதுவண்ணம் பூசுதல் மட்டும் தகாது.

ஆகவே செப்பனிடுவோன் பட்டைச் செப்பனிடுக. தூரிகையைச் செப்பனிட முயலற்க. இழந்த இடம் இழந்ததாகவே, ஆயின் கண்ணை உறுத்தாத நிறத்தோடு, அமைதியாக நிற்கட்டும். மலையின் நடுப்பகுதியைப் பனி மறைத்தபோதும் மலையை முழுதாக உணரவல்ல உள்ளம், இரண்டு விரற்கடைப் பட்டு இல்லாமையால் ஓவியத்தை உணராது போகாது.