‘தமஸ்’ நாடகத்தில் ஜர்னைல் – ஒரு நோக்கு

பீஷ்ம சஹானியின் ‘தமஸ்’ என்னும் இந்தி நாவலைக் கோவிந்த் நிஹலானி தொலைக்காட்சி நாடகமாக்கினார். 1988இல் தூரதர்சன் அதனை ஒளிபரப்பியது. 1947ஆம் ஆண்டின் பிரிவினைக் கலவரங்களைக் காட்டும் இந்நாடகத்தைத் தடைசெய்யக் கோரிய வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று தள்ளுபடியாயிற்று.

இதனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓம் பூரி நடித்த நத்துவையே எடுத்துக்கொள்வர். முராத் அலியின் ஏவலாற் பன்றியொன்றைக் கொன்று, பின்னர் அதன் உடல் பள்ளிவாசற் படியிற் கிடந்ததறிந்து குற்றவுணர்விற் கருகும் அவன் மையப்பாத்திரமாவது இயல்பே. ஆயினும், யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்போர்க்கு அதிகம் சொல்லவல்லவன் ஜர்னைல் என்பதே என் துணிபு.

யார் இந்த ஜர்னைல்? ‘ஜெனரல்’ என்பதன் திரிபே அப்பெயர். ஊரார் கேலி அதிலேயே தொனிக்கிறது. படைவீரன் போன்ற கந்தலுடை தரித்த முதிய காங்கிரஸ் தொண்டன், சிறை சென்றவன். நாலுபேரைக் கண்டால் நின்று பிரசங்கம் செய்வான். கேட்போர் சிரிப்பர், கட்சிக்காரர் சகித்துக்கொள்வர். ஆனால் அவன் கூறுவதில் புதியது எதுவுமில்லை. இந்துவும் முஸ்லிமும் சகோதரர் என்று கட்சி மேடைகள் முழங்கியதையே அவனும் முழங்குகிறான். மற்றையோர் சுலோகமாகக் கொண்டதை அவன் எழுத்துக்கெழுத்து நம்பினான். அவனது பைத்தியம் அவ்வளவே.

எமது கூத்திலே கட்டியகாரன் அரசனையும் கேலி செய்யலாம்; சபை சிரித்துவிட்டு விட்டுவிடும். ஆனால் அச்சலுகை வட்டக்களரியைச் சூழ ஒரே சபை அமர்ந்திருக்கும் வரைதான். சபை இரண்டாகப் பிளந்தபின் கோமாளிக்கு ஏது காப்பு? கலவரத்தின் நடுவே வழமைபோற் பேச நிற்கும் ஜர்னைல் அடித்துக் கொல்லப்படுகிறான். அறிஞர்க்கும் அக்காப்பு இல்லை என்பதை நாம் அறிவோம். எமது மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்தெம்பர் 21இல் திருநெல்வேலியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை எவரும் பைத்தியம் என்றதில்லை.

ஜர்னைல் முழுமை பெறாத பாத்திரம் என்று குறை கூறலாம். நத்துவுக்குக் கர்மோ என்னும் மனைவி இருக்கிறாள். அவளோடு அவன் பேசும்பொழுது அவன் மனம் எமக்குத் திறக்கிறது. ஜர்னைலுக்கோ பேச்செல்லாம் மேடைப்பேச்சே. அவன் அஞ்சினானா, ஐயுற்றானா என்பது தெரியவில்லை. எனக்கு இது குறையாகப் படவில்லை. மேடைத்தமிழிலே வளர்ந்த நாம் மேடைப்பேச்சென்றாற் பொய்யென்றே கொள்ளப் பழகியவர்கள். அந்தரங்கமே அற்ற ஒருவனது வாயில் அது மெய்யாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவன் விழும்வரை எமக்குத் தோன்றுவதில்லை. அதுவரை அவனைப் பார்த்து நாமுந்தான் சிரித்திருக்கிறோம்.

கலவரம் ஓய்ந்தபின் நடப்பதை நாவல் கூறும். ஒலிபெருக்கியுடன் ஒரு சமாதான பஸ் ஊர்வலம் புறப்படுகிறது. சாரதியின் அருகே அமர்ந்து, இந்து முஸ்லிம் ஒற்றுமைக் கோஷத்தை உரக்க எழுப்புபவன், பன்றியைக் கொல்லப் பணம் கொடுத்த அதே முராத் அலி.