நூற்பட்டியலில் பால்புதுமையர்: பகுப்பெண்ணும் பொருள்தலைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

திருநர் பற்றிய தமிழ் நூல்கள் நூலகப் பகுப்பில் சிதறுவதையும், அவற்றை ஒன்றிணைக்க வேண்டிய பொருள்தலைப்புகள் காலத்தால் பின்தங்க நேர்வதையும் இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: நூற்பகுப்பு, பொருள்தலைப்பு, திருநர், பால்புதுமையர், கோலன் பகுப்பு.

முன்னுரை

பகுத்தல் என்பது பெயரிடுதலும் ஆகும். 1932இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பின் 13ஆம் பதிப்பு, தன்பாலீர்ப்பை உளக்கோளாறுகளின் வரிசையில் வைத்தது. இன்று அது 306.76 என்னும் சமூகவியல் எண்ணில் அமைந்துள்ளது. நோயாளி என்னும் நிலையிலிருந்து சமூக மனிதர் என்னும் நிலைக்கு வருவதற்குப் பல பதிப்புகள் தேவைப்பட்டன. இந்த இடமாற்றம் தமிழ் நூல்களைத் தேடும் வாசகருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதே இங்கு வினா.

சிதறும் நூல்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் ஆய்வு மாணவர் ஒருவர் இப்பொருளில் நூல் தேடுவதாகக் கொள்வோம். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ புதினம் என்பதால் தமிழ்ப் புனைகதை வரிசைக்குச் செல்லும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ வாழ்க்கை வரலாற்று வரிசையில் இடம்பெறலாம். அ. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ 306.768 என்னும் சமூகவியல் எண்ணைப் பெறலாம். ஒவ்வொன்றும் விதிப்படி சரியே. ஆயினும் மூன்றும் மூன்று அடுக்குகளில் பிரிகின்றன. அவற்றை இணைக்கக்கூடியது பொருள்தலைப்பு ஒன்றே. புனைகதைக்குப் பொருள்தலைப்பு இடாத பட்டியலில் ‘வாடாமல்லி’ இத்தேடலில் அகப்படாது.

மாறும் சொற்கள்

தமிழகத்தில் இச்சமூகத்தைச் சுட்டும் சொற்கள் விரைந்து மாறின. 2008இல் அமைந்த நல வாரியம் அரவாணிகள் என்னும் சொல்லைத் தாங்கியது. திருநங்கை என்னும் சொல் பின்னர் நிலைபெற்றது. சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இதற்கான சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை என்பதையே பொதுத்தலைப்பாகக் கொள்ளும் பட்டியலில் திருநம்பியர் மறைந்துபோவர். திருநர் என்பது இருவரையும் தழுவும். பழஞ்சொல்லை அழிப்பதும் தீர்வன்று. நூற்பெயரை உள்ளவாறே பதிந்து, ‘அரவாணி – காண்க: திருநர்’ என்னும் வழிகாட்டுப் பதிவு இடுதல் வேண்டும். ஆசிரியர் பெயர்ப் பதிவில் அவர் தாமே ஏற்ற பெயரே முதன்மை பெறவேண்டும்.

இலக்கணமும் பகுப்பும்

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் பேடி முதலிய பெயர்களுக்குத் தனி ஈறு இல்லை என்கிறது. அவற்றை உயர்திணையில் வைத்து, ஆண்பால் ஈற்றால் சொல்லுதல் ஆகாது என விலக்குகிறது. ஆண்மை திரிந்தது என்னும் அதன் வரையறை விமரிசனத்திற்குரியதே. திருநம்பியர்க்கு அதில் இடமில்லை. ஆயினும், தனி ஈறு இல்லாமையை உயர்திணையிலிருந்து நீக்குவதற்குக் காரணமாக்காத அந்நெறி, எண் இல்லாதவரைப் பிறழ்வின் கீழ் வைத்த பகுப்புமுறையினும் மேம்பட்டது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு மற்றொரு வழியைக் காட்டுகிறது. ஒரு பொருளை ஒரே கிளையில் அடைக்காமல் அதன் முகங்களைப் பிரித்துச் சேர்ப்பது அதன் இயல்பு. அடையாளத்தை ஒரு முகமாகக் கொண்டால், மருத்துவம், சட்டம், இலக்கியம் ஆகிய எத்துறையிலும் அதனை இணைக்கலாம், அடையாளமே நோயாகாது.

முடிவுரை

தனி அடுக்கு அமைப்பது எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் அவ்வடுக்கின் முன் நிற்கும் வாசகரை அது பிறர் பார்வைக்கு வெளிப்படுத்தும்; ‘வாடாமல்லி’யைத் தமிழ்ப் புதின மரபிலிருந்தும் பிரித்துவிடும். நூல்கள் தத்தம் இடத்தில் இருக்க, பட்டியல் அவற்றை இணைப்பதே தக்கது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்னும் இரங்கநாதன் விதி, வாசகர் தம்மைக் குறிக்கும் சொல்லாலேயே அந்நூலை அடையும்போதுதான் நிறைவேறும். ஆகவே, அச்சமூகத்தாரின் பங்கேற்புடன் தமிழ்ப் பொருள்தலைப்புப் பட்டியலைத் திருத்துவது நூலகவியல் துறையினரின் உடனடிக் கடமையாகும்.