பதிவு போனால் என்ன போகும்? 'பீட்டர் ஸ்காட்' வழக்கு சொல்லும் பாடம்

வணிகக் குறி ஒன்றின் பதிவு செல்லாது என்று தீர்ப்பானால் அதன் உரிமையாளர் எதை இழக்கிறார்? பெங்களூரு கோடே நிறுவனத்தின் 'பீட்டர் ஸ்காட்' வழக்கை வைத்து இதை எடை போடலாம்.

1968 முதல் விற்பனையில் இருந்த விஸ்கி அது. எதிர்ப்பு ஏதும் வராததால் பெயர் பதிவும் ஆனது. 'ஸ்காட்' என்ற சொல் இதுவும் ஸ்காட்லாந்துச் சரக்குதான் என்று மயக்கும் என ஸ்காட்ச் விஸ்கி சங்கம் 1986இல் முறையிட்டது. பதிவை நீக்கப் பதிவாளர் 1989இல் உத்தரவிட்டார். சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2008 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது.

நீக்கும் அதிகாரம் தேவையானதே. பதிவு ஒருவருக்குத் தனியுரிமை தந்து மற்றவர்களை விலக்கி வைக்கிறது. தவறாகத் தந்திருந்தால் திரும்பப் பெற வழி வேண்டும். விளைவிலும் சட்டம் அளவோடு நிற்கிறது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி, பதிவு போனால் உரிமை மீறல் வழக்குப் போட முடியாது. பதிவான குறி என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. ஆனால் உழைத்துச் சேர்த்த நற்பெயர் பறிபோவதில்லை. உரிமையாளரின் சரக்கு என்று பிறர் ஏமாற்றி விற்றால், 27ஆம் பிரிவு காக்கும் பொதுச் சட்ட உரிமையைக் கொண்டு தடுக்கலாம்.

குறை, காலத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. 1974லேயே விஷயம் தெரிந்தும் சங்கம் 12 ஆண்டுகள் பேசாமல் இருந்ததை உச்ச நீதிமன்றம் அதற்கு எதிராகக் கொண்டது. வணிகருக்கு அது நியாயம். ஆனால் போட்டியாளரின் தாமதம் வாங்குபவரின் மயக்கத்தைத் தீர்க்காது. ஸ்காட்ச் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியும் என்றும் நீதிமன்றம் சொன்னது. சோதிக்க வேண்டியது அவரை அல்ல. ஸ்காட்ச் விலை கட்டுப்படியாகாமல் பீட்டர் ஸ்காட்டை எடுப்பவரை.

பதிவு நீங்கினால், அதற்கு முன் பெற்ற தடையுத்தரவும் உரிமத் தொகையும் என்ன ஆகும்? பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், செல்லாத பதிவு தொடக்கத்திலிருந்தே இல்லாதது என்கிறது. ஆனால் முடிந்துபோன கொடுக்கல் வாங்கலைத் தொடுவதில்லை. நம் சட்டத்தில் இப்படி வெளிப்படையான விதி இல்லை.

போட்டியாளரின் முறையீட்டுக்குக் கண்டிப்பான கெடு வேண்டும். வாங்குபவர் ஏமாறுகிறார் என்ற புகாருக்குக் கெடு கூடாது. நீக்கம் எந்த நாள் முதல் செல்லும் என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும். 22 ஆண்டுகள் ஒரு பெயரைத் தொங்கலில் விடுவது, வென்றவருக்கும் தண்டனைதான்.