பேரேட்டில் இல்லாதவர்கள்

2021 ஆகஸ்ட் 9-ம் தேதி, அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு எண் டீக்கடை வரைக்கும் போனது. தமிழகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். காரைக்குடியில் பர்மா தேக்கில் தூண் நிறுத்திய வீட்டுக்காரருக்கும், அந்த வீட்டு வாசலைப் பெருக்குகிற அம்மாவுக்கும் ஒரே தொகையா? வட்டிக்கணக்கில் கரை கண்ட செட்டிநாட்டில் எந்தக் கணக்கப்பிள்ளையும் இப்படிப் பேரேடு எழுதமாட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு.

பொருளாதாரத்தில் ஒரு வாதம் இருக்கிறது. மெல்ட்ஸர், ரிச்சர்ட் என்ற இருவர் 1981-ல் எழுதியது. ஏற்றத்தாழ்வு கூடக்கூட, சராசரிக்குக் கீழே இருக்கும் பெரும்பான்மை, 'பணக்காரர்களிடம் வரி வாங்கி எங்களுக்குக் கொடு' என்று ஓட்டுப் போடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்ம ஊரில் ஒரு சின்ன மாற்றம்: கொடுப்பது நடக்கும், வரி வாங்குவது நடக்காது. நடுவில் விழும் பள்ளத்தைக் கடன் போட்டு மூடுவார்கள்.

2008 பிப்ரவரி 29. பட்ஜெட் வாசித்தவர் சிவகங்கை எம்.பி. ப.சிதம்பரம், கானாடுகாத்தான்காரர். சுமார் 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடி. பற்றாக்குறை 2.5 சதவிகிதம் என்றார்கள். 6-ல் போய் நின்றது. சம்பளக் கமிஷன், எண்ணெய் விலை, அமெரிக்க வங்கிச் சரிவு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. தள்ளுபடியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. (மறு வருஷம் சிவகங்கையில் அவர் ஜெயித்தது 3,354 ஓட்டில்தான். தள்ளுபடி அப்படியே ஓட்டாக மாறிவிடும் என்பதையும் ரொம்ப நம்பவேண்டாம்.)

என் கேள்வி வேறு. தள்ளுபடி யாருக்கு? வங்கியில் கடன் வாங்கியவருக்கு. வங்கிப் படியை மிதிக்க முடியாமல் ஊர் வட்டிக்கு வாங்கியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. 2021 பிப்ரவரி 26-லும் இதே கதை. தேர்தல் தேதி வெளியாகச் சில மணி நேரம் முன்னால், கூட்டுறவு வங்கியில் 6 பவுன் வரை அடகு வைத்த நகைக்கடன் ரத்து என்றார் முதல்வர் எடப்பாடி பழனிசாமி. ஆட்சி மாறியதும் தி.மு.க. அதை 5 பவுன் ஆக்கி, நிபந்தனைகள் போட்டது. தெருக்கோடி அடகுக்கடையில் கம்மலை வைத்தவர் ரெண்டு கணக்கிலும் இல்லை.

சரி, அரசுக்குக் கடன் கொடுப்பது யார்? ரிசர்வ் வங்கி ஏலம் விடும் பத்திரங்களை வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பி.எஃப். நிதிகள் வாங்குகின்றன. மிச்சம் பிடிக்கிற அளவுக்குச் சம்பாதிப்பவர்களின் பணம்தான் பெரும்பாலும். அதையே வரியாகக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். கடனாகக் கேட்டால் வட்டி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். அந்த வட்டியில் ஒரு துளியை, சோப்பு வாங்கும்போதெல்லாம் வாசல் பெருக்குகிற அம்மாவும் கட்டுகிறார்.

2023 செப்டம்பரில் ஆரம்பித்த மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை ஒரு விதத்தில் தேவலை. வருமான வரம்பு வைத்து, நேராக அவர் கணக்குக்கே போகிறது. ஆனால் மாநில உற்பத்தி வளர்ந்த அளவுக்குச் சொந்த வரி வருமானம் வளரவில்லை என்றும் அந்த வெள்ளை அறிக்கை சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்கவில்லை.