ராஜாவின் பாக்குவெட்டிகள்

புணேயில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கவிஞர் தினகர் கேள்கர், ஊர் ஊராக அலைந்து வீட்டுச் சாமான்களைத் தேடி வாங்கினார். மனைவி கமலாபாய் உடன் நின்றார். சிறுவயதிலேயே இறந்துபோன மகன் ராஜாவின் பெயரையே அந்தச் சேகரிப்புக்கு வைத்தார்கள்.

அந்தச் சேகரிப்பில் உள்ள பாக்குவெட்டிகளுக்கு முன்னால் கால் நகர மறுக்கிறது. வெட்டுவது இரும்பு அலகு. அதைத் தாங்குவதோ பித்தளைக் கிளி, குதிரை, காதல் ஜோடி. பிடியை அழுத்தினால் அலகு இறங்கும், அவ்வளவுதான் வேலை. அதற்கா இத்தனை அழகு! பெயர் தெரியாத அந்தக் கன்னானைக் கும்பிடத் தோன்றுகிறது.

விளக்கு, சீப்பு, பூட்டு, மைக்கூடு என்று சேர்ந்தவை சுமார் 20,000. விற்றிருந்தால் பெரும் பணம். 1975இல் கேள்கர் அவற்றை மகாராஷ்டிர அரசுக்கே கொடுத்துவிட்டார். இன்று பார்வைக்கு இருப்பது அதில் ஒரு பகுதிதான்.