அசையாத சாமிகள்

ஆடி மாதம் சேலத்தில் மாரியம்மன் பண்டிகை என்றால் வண்டி வேடிக்கை பார்க்காமல் தீராது. குகை என்ற பகுதியைப் போலவே செவ்வாய்ப்பேட்டையிலும் உண்டு. ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. தெருப் பையன்கள் கூடி, வசூல் செய்து, புராணக் காட்சி ஒன்றை ஜோடித்து, தாங்களே சாமியாக வண்டியில் ஏறிச் சிலைபோல நின்றுவிடுகிறார்கள். பகலில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலோ லீ பஜார் மண்டியிலோ வேலை பார்க்கும் பையன், ராத்திரி பரமசிவன்.

எனக்குப் பிடித்தது அந்த அசையாமைதான். நீலச் சாயம் வியர்வையில் கழுத்தோரம் கரைகிறது, சடைமுடி கனக்கிறது, தூக்கிய கை லேசாக நடுங்குகிறது. கீழே இருந்து சிநேகிதன், "டேய், சிரிச்சுராதடா!" என்று கத்துகிறான். சாமியின் உதட்டோரம் துடிக்கிறது, அவ்வளவுதான். மீசையை மழித்துவிட்டு அம்மனாக உட்கார்ந்தவனைப் பார்த்துப் பாட்டிகள் நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

மேடையில் நிற்பவனைவிட, மூங்கில் கழியால் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டிக்கு வழிவிடுபவனும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவனும்தான் நிஜ உழைப்பாளிகள். இளைஞர் மேம்பாடு என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் கணக்கு நோட்டு எழுதுவது முதல் பெரியவர்களிடம் பேசிப் பணம் வாங்குவது வரை எல்லாம் இங்கேயே பழகிவிடுகிறது. சிறந்த வண்டிக்கான முதல் பரிசு யாருக்கு என்ற சண்டை மட்டும் அடுத்த ஆடி வரை ஓயாது.